ரீட் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரின் பொருள் என்ன?

மலைக்கோட்டை ஆசிரியர் (கிருஷ்ணகிரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மாணவர்களை மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1791 நவம்பரில் கம்பெனிப் படையின் தளபதி மேக்ஸ்வெல் இரவோடு இரவாக இந்தக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது, மறு ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி, தருமபுரியை உள்ளடக்கிய பாரமகாலை விட்டுக்கொடுத்தது, அதன் பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இந்தப் பகுதியின் முதல் கலெக்டராக வந்து 1799 வரை இருந்தது, அவரும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை விதித்ததிலிருந்து, உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை கிளைத்தது என எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.

பாதி வழியில் ஒரு பாறை நிழலில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், அலெக்சாண்டர் என்பது அவருடைய பெயர் என்றால், ரீட் என்பது யாருடைய பெயர்? அப்பா பெயரா, ஊர்ப் பெயரா, சாதிப் பெயரா?"

கேள்வி வந்த வேகத்திலேயே பதிலும் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் 'ரீட்' என்றால் 'வாசி' என்று பொருள், எழுத்தும் அதே எழுத்துதான், ஆகவே அவருடைய முன்னோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள் என்றேன். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் ஆங்கில ஆசிரியரைக் கேட்டேன். அவர் 'ரீட்' என்றால் நாணல், நாணல் காட்டருகே குடியிருந்தவர்களாக இருக்கலாம் என்றார். ஆனால் அவர் சொல்லும் நாணலுக்கு இரண்டு 'ஈ' வருகிறது. கலெக்டர் பெயரிலோ 'ஈ'யும் 'ஏ'யும் வருகின்றன.

இந்தப் பெயரின் உண்மையான பொருள் என்ன? வெவ்வேறு எழுத்தில் எழுதப்படும் ரீட்கள் எல்லாரும் ஒரே குடும்பத்தவரா? ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே எப்போது வந்தது? பிள்ளைகளிடம் சொன்ன தவறைத் திருத்த வேண்டியிருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

தகடூரான் (தருமபுரி) எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஆங்கில மொழி வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. சற்று நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன பதிலும் தவறு, உங்கள் சக ஆசிரியர் சொன்னதும் பெரும்பாலான ரீட்களுக்குப் பொருந்தாது. அந்தப் பெயருக்குப் பெருவழக்கான பொருள் 'சிவந்தவன்' என்பதுதான். செம்பட்டை முடி உடையவன் அல்லது முகம் சிவந்தவன் என்று கொள்ள வேண்டும். நம் ஊரில் செவத்தான், செவத்தம்மாள் என்று கூப்பிடுகிறோமே, அதுதான்.

இன்று ஆங்கிலத்தில் சிவப்புக்கு 'ரெட்' என்று குறிலாகச் சொல்கிறார்கள். பெயர் மட்டும் ஏன் நெடிலாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பெயர் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் அந்த நிறச்சொல் நெடிலாகவே இருந்தது. ஏறத்தாழ 'ரேஅட்' என்று ஒலித்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில்கூட அந்த நிறத்தை இரண்டு 'ஈ' போட்டு நெடிலாக எழுதியிருப்பதைக் காணலாம். பிற்காலத்தில் ரொட்டியைக் குறிக்கும் 'பிரெட்', தலையைக் குறிக்கும் 'ஹெட்', இறந்ததைக் குறிக்கும் 'டெட்' ஆகிய சொற்களோடு சேர்ந்து நிறச்சொல்லும் குறிலாகக் குறுகிப்போயிற்று. ரொட்டியிலும் தலையிலும் பழைய 'ஈ, ஏ' எழுத்துகள் நின்றுவிட்டன. நிறச்சொல் மட்டும் அந்த 'ஏ'யையும் உதிர்த்துவிட்டது. அதற்குள் குடும்பப் பெயரோ பொருளிலிருந்து கழன்று வெறும் பெயராகிவிட்டிருந்ததால், ஒலியில் பழைய நெடிலையும், ஒரு கிளையின் எழுத்தில் பழைய 'ஈ, ஏ' என்பதையும் அப்படியே வைத்துக்கொண்டது. கலெக்டரின் பெயரில் நீங்கள் கண்ட 'ஏ' அப்படி மிஞ்சியதுதான். 'வாசி' என்ற வினைச்சொல்லுக்கும் அதற்கும் எழுத்துப் பொருத்தத்தைத் தவிர வேறு உறவு இல்லை.

இனிக் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டில் ஆண்களில் பெரும்பாலோருக்கு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற ஐந்தாறு பெயர்களே இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் நான்கு மாதையன் இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர் பென்னாகரத்து மாதையன், ஒருவர் மேளக்கார மாதையன், ஒருவர் சின்னப்பையன் மகன் மாதையன், இன்னொருவர் நெட்டை மாதையன். ஊர், தொழில், தந்தை, உடல் அடையாளம் என்ற இந்த நான்கு வழிகளில்தான் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை பிறந்தன. காட்டருகே இருந்தவன் வுட், கொல்லன் ஸ்மித், ஜானின் மகன் ஜான்சன், சிவந்தவன் ரீட். முதல் மைசூர்ப் போரில் ஐதர் அலியை எதிர்த்து வந்த கம்பெனித் தளபதிகள் ஸ்மித்தும் வுட்டும். தமிழில் சொன்னால் கொல்லனும் காட்டானும் வந்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் நெட்டை மாதையனின் மகன் நெட்டை என்று பெயர் பெறவில்லை. அவன் பெயருக்கு முன்னால் 'மா' என்ற தலையெழுத்து வந்தது, அவன் மகனுக்கு வேறு தலையெழுத்து வந்தது. இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1066இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியமின் பிரபுக்கள், தங்கள் நிலமும் கோட்டையும் மகனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், நிலத்தின் பெயரையே தங்களுக்கும் மகனுக்கும் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பிரபுக்களிடமிருந்து நகரத்து வணிகர்களுக்கும், பிறகு குடியானவர்களுக்கும் அந்த வழக்கம் இறங்கி வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வசூலித்தபோது எந்த ஜான் கட்டினான், எந்த ஜான் கட்டவில்லை என்று கணக்கர் அடையாளம் காண வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1400 வாக்கில் தென் இங்கிலாந்தில் பெரும்பாலானோருக்குப் பரம்பரைப் பெயர் உறுதிப்பட்டுவிட்டது. வடக்கில் இன்னும் தாமதமாயிற்று. செம்பட்டை முடிக்காரனின் மகன் கறுத்த முடியோடு பிறந்தும் ரீட் என்றே எழுதப்பட்டானே, அந்த நாளிலிருந்துதான் அதைக் குடும்பப் பெயர் என்று சொல்ல முடியும்.

நாணலுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. சபோக் மாவட்டத்தில் ரீட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதன் பெயர் நாணலிலிருந்து வந்தது. ஹர்ட்போர்ட்ஷயரில் இன்னொரு ரீட் இருக்கிறது. அது கரடான புதர் நிலம். லங்காஷயரில் மூன்றாவது ரீட் இருக்கிறது. அது பெண் மானையும் மேட்டு முனையையும் சேர்த்துக் குறிக்கும் பழஞ்சொற்களின் மருவு. மூன்று ஊருக்கும் மூன்று பொருள், மூன்றும் தேய்ந்து ஒரே ஒலியாயின. இந்த ஊர்களிலிருந்து வெளியேறிக் குடியேறியவர்களுக்கும் ரீட் என்றே பெயர் வந்தது. ஒரு ரீட் சிவந்தவரா, ஊர்க்காரரா என்பதைப் பழைய ஏட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அன்றைய கணக்கர்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதியதால், பட்டப்பெயருக்கு முன் 'லெ' என்றும், ஊர்ப் பெயருக்கு முன் 'டெ' என்றும், இடக்குறிப்புக்கு முன் ஆங்கிலத்திலேயே 'அட்டெ' என்றும் போடுவார்கள். 'லெ ரேட்' என்றால் சிவந்தவன். 'டெ ரேட்' என்றால் அந்த ஊரிலிருந்து வந்தவன். 1400ஐ ஒட்டி இந்த முன்னொட்டுகள் உதிர்ந்துபோயின. அதன் பிறகு எல்லாரும் வெறும் ரீட்தான். அட்வுட் போன்ற சில பெயர்களில் மட்டும் அந்த 'அட்டெ' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலைக்கோட்டை ஆசிரியர் எழுதியது:

பேராசிரியர் ஐயாவுக்கு மிக்க நன்றி. நான்கு மாதையன்களை வைத்து நீங்கள் சொன்னதை அப்படியே வகுப்பில் எடுத்துச் சொல்லப் போகிறேன். என் இரண்டாவது கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. 'ஈ, ஏ' எழுதுகிறவர்களும், இரட்டை 'ஈ' எழுதுகிறவர்களும், 'ஈ, ஐ' எழுதுகிறவர்களும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவர்கள் என்று எழுத்தை வைத்துப் பிரித்துவிடலாமா? அப்படியானால் எனக்கு வேலை எளிது.

லேத்துப்பட்டறை (ஓசூர்) எழுதியது:

பிரிக்க முடியாது சார். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒருவரைச் சங்கடப்படுத்தித் தெரிந்துகொண்டேன்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் ஒன்றை நிறுவுவதற்காக இங்கிலாந்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து ஒன்றரை ஆண்டு எங்களோடு இருந்தார். இரட்டை 'ஈ' போட்டு எழுதும் ரீட் அவர். மதியச் சாப்பாட்டை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், களியும் கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார். அவர் ஊருக்குத் திரும்பும்போது நல்ல பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு, இணையக் கடை ஒன்றில் 'ரீட் குடும்பத்தின் மரபுச் சின்னம்' என்று விற்றதைச் சட்டமிட்டு வரவழைத்தோம். கேடயமும் கருடனும் தங்க எழுத்துமாகப் பார்க்க மிக அழகாக இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் அவர் ஒரு நொடி பேசாமல் நின்றார். பிறகு சிரித்து எங்கள் எல்லாரையும் கட்டிக்கொண்டார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய நேர் ஆண் வழியினருக்கு மட்டும் உரியதாகிறது. அதைப் பதிந்து வைப்பதற்கென்று 1484 முதல் ஒரு தனி அலுவலகமே இருக்கிறது. ஆகவே யாரோ ஒரு ரீட் வாங்கிய சின்னத்தை இன்னொரு ரீட் வீட்டுச் சுவரில் மாட்டுவது, பக்கத்துத் தெரு மாதையனின் பட்டாவை நம் மாதையன் காட்டுவது போலத்தான்.

"எங்களுடைய முன்னோர் சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள், கேடயத்துக்கு எங்கே போவது" என்றார் அவர். அப்போதுதான் எழுத்தைப் பற்றிய பேச்சும் வந்தது. அவருடைய பாட்டனாரின் தந்தைக்குத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது 'ஈ, ஏ' போட்டு எழுதியிருக்கிறார்கள். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரட்டை 'ஈ'. திருமணப் பதிவில் கடைசியில் ஒரு 'ஈ'யைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே மனிதர், மூன்று எழுத்து. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பாதிரியாரும் கணக்கெடுப்பாளரும் காதில் விழுந்ததை அவரவருக்குத் தோன்றியபடி எழுதினார்கள். என் அப்பாவின் பெயர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் நிலப்பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பதைச் சொன்னேன். அப்படியானால் நாம் உறவுக்காரர்கள்தான் என்றார்.

தளி ரோட்டு வாசகி (தேன்கனிக்கோட்டை) எழுதியது:

மேலே எழுதிய இருவரும் தமிழ் வழக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் தாலுகாவில் பரம்பரைப் பெயர் என்பது இங்கிலாந்தில் போய்த் தேட வேண்டிய பொருள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களுக்கு 'இண்டிபேரு' உண்டு, வீட்டுப் பெயர். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். மணமாகிப் போகும் பெண் கணவன் வீட்டுப் பெயருக்கு மாறுவாள். ஆங்கிலக் குடும்பப் பெயர் போவதும் அதே தடத்தில்தான். ஆந்திரத்தில் இருக்கும் எங்கள் உறவினர்கள் அதைத் தலையெழுத்தாகப் பெயருக்கு முன்னால் எழுதுகிறார்கள். இங்கே பள்ளியில் சேர்க்கும்போது அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் கேட்டார்கள் என்பதால், என் தலைமுறையில் இண்டிபேரு தாளிலிருந்து போய்விட்டது. சம்பந்தம் பேசும்போது மட்டும் பெரியவர்கள் வாயிலிருந்து வெளியே வரும். இரண்டு பக்கமும் ஒரே இண்டிபேரு என்று தெரிந்தால் அங்காளி பங்காளி முறையாகிவிடும். காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

இங்கேதான் ஆங்கிலப் பெயர் வேறுபடுகிறது என்று நினைக்கிறேன். ஒரு ரீட் இன்னொரு ரீட்டை மணக்கத் தடை ஏதும் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிவந்தவன் இருந்திருப்பான், அவர்கள் எல்லாரும் எப்படிப் பங்காளிகளாக முடியும்?

சிவப்பும் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதல்ல. தெலுங்கில் சிவப்புக்கு 'எர்ர' என்று சொல்வோம். எர்ரா என்றே இண்டிபேரு கொண்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களிடம் கெம்பையாவும் கெம்பம்மாவும் உண்டு. கன்னடத்தில் கெம்பு என்றாலும் சிவப்புதான். ஆகவே எங்கள் வீதியில் ரீட் துரை வந்து நின்றால் தமிழில் செவத்தான், தெலுங்கில் எர்ரய்யா, கன்னடத்தில் கெம்பையா என்று மூன்று பெயரில் கூப்பிட்டிருப்போம்.

ஓசூர்க்காரர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் இருக்கும் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்து ஒரு மாளிகை கட்டினார். இடிந்து போன அந்தக் கட்டடத்தைச் சிறுவயதில் நாங்கள் ரொட்டிக்காரக் கோட்டை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பெயருக்கும் ரொட்டிக்கும் சம்பந்தமில்லை. கடைசியில் இரண்டு 'டி' வரும் அந்த பிரெட், பிரான்சின் வடமேற்கு முனையிலுள்ள பிரிட்டனியிலிருந்து வந்தவன் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். 1066இல் வில்லியமோடு பிரிட்டனிப் படையினரும் கடல் கடந்து வந்தார்கள். அவர்களில் பலர் அங்கேயே நிலம் பெற்றுத் தங்கிவிட்டார்கள். உள்ளூர்க்காரன் அவனை வேற்றூரான் என்று சுட்டிய சொல்லே அவன் குடும்பத்துக்குப் பெயராகிவிட்டது. பிரிட்டன், பிரிட்டென் என்னும் குடும்பப் பெயர்களும் அந்த வகையைச் சேர்ந்தவையே.

சனத்குமார நதி (பாலக்கோடு) எழுதியது:

ஒரு சின்ன ஆட்சேபம். தலைப்பில் 'ஆங்கிலக் குடும்பப் பெயர்' என்று இருக்கிறது. பாரமகாலுக்கு வந்த கம்பெனி அதிகாரிகளில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். மன்றோ பிறந்தது கிளாஸ்கோவில். ஸ்காட்லாந்திலும் ரீட் என்ற பெயர் பரவலாக இருக்கிறது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை ஆங்கிலேயர் என்று எழுதிவிடுவது, தருமபுரியில் முனுசாமி என்று பெயர் இருப்பதால் அவர் தமிழ்தான் பேசுவார் என்று முடிவு கட்டுவதைப் போன்றது. பேராசிரியர் இதை விளக்கினால் நன்றாக இருக்கும்.

தகடூரான் எழுதியது:

சரியான ஆட்சேபம். 'ஈ, ஐ' என்று எழுதும் ரீட் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்குரியது என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஸ்காட்டியரின் எழுத்து முறையில் உயிரெழுத்துக்குப் பின்னால் ஒரு 'ஐ' சேர்த்தால் நெடில் என்று பொருள். தலையையும் இறந்ததையும்கூட அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள், நெடிலாகவே சொன்னார்கள். அதாவது இங்கிலாந்தில் குறுகிப்போன அந்தச் சிவப்பு அங்கே பேச்சிலும் குறுகவில்லை. அதற்கு மேல் அங்கே இன்னொரு நீரோட்டமும் வந்து கலந்தது. மலைநாட்டு மக்களின் கேலிக் மொழியில் சிவந்த முடிக்காரனுக்கு 'ரூவா' என்பதையொத்த ஒரு பட்டப்பெயர் உண்டு. கீழ்நாட்டாரோடு பழகியபோது அவர்களில் சிலர் அதை மொழிபெயர்த்து ரீட் ஆனார்கள், சிலர் ஒலிபெயர்த்து ராய் ஆனார்கள். 1734இல் இறந்த ராப் ராய் மெக்கிரிகரின் ராய் அந்தச் செம்பட்டை முடிதான். நம் பக்கத்து வங்காள ராய்க்கும் அதற்கும் உறவில்லை. வேல்ஸில் சிவந்தவன் 'கோக்'. அது ஆங்கில வாயில் காப் என்றும் கூச் என்றும் ஆயிற்று. நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்த ரஸ்ஸல் 'சின்னச் சிவப்பன்'. ஒரே தீவில் ஒரே முடி நிறத்துக்கு இத்தனை குடும்பப் பெயர்கள்.

எழுத்தை நம்பக் கூடாது என்று ஓசூர்த் தம்பி சொன்னதற்குப் பெரிய இடத்துச் சான்றும் உண்டு. 1506 முதல் 1519 வரை இங்கிலாந்தில் தலைமை நீதிபதிகளில் ஒருவராக இருந்த சர் ராபர்ட் ரீட் தம் பெயரில் 'ஏ'யும் இல்லாமல் இரட்டை 'ஈ'யும் இல்லாமல், கடைசியில் மட்டும் இன்னோர் 'ஈ' போட்டு எழுதப்பட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இன்றும் நடக்கும் ரீட் சொற்பொழிவு அவர் பெயரில் அந்த எழுத்தோடுதான் வழங்குகிறது. 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் டெலவேர் சார்பில் கையெழுத்திட்ட ஜார்ஜ் ரீட் நம் கலெக்டரைப் போல 'ஈ, ஏ' எழுதியவர். கொசுவால்தான் மஞ்சள் காய்ச்சல் பரவுகிறது என்று 1900ஐ ஒட்டி கியூபாவில் நிறுவிய மருத்துவக் குழுவின் தலைவர் வால்டர் ரீட் இரட்டை 'ஈ'. இந்த மூவரையும் எழுத்து பிரிப்பதும் இல்லை, பெயர் சேர்ப்பதும் இல்லை.

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். குடும்பப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு அதுவே முதல் படி. 1837இல் அரசே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கிய பிறகும், படிப்பறிவு பரவிய பிறகும்தான் எழுத்து உறைந்தது. அந்த நாளில் எந்த எழுத்தில் மாட்டிக்கொண்டதோ அதுவே அந்தக் கிளையின் எழுத்து. ஆகவே ஒரு ரீட்டின் ஊரைக் கண்டுபிடிக்க அவருடைய ஞானஸ்நானப் பதிவிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். பெயரின் பொருளிலிருந்து முன்னோக்கி நடந்தால் எங்கேயாவது போய்ச் சேர்வோம்.

தேன்கனிக்கோட்டை அம்மா கேட்ட பங்காளிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே குடும்பப் பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். குடும்பப் பெயரைப் போலவே அதுவும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. அட்டன்பரோ போன்ற அரிய பெயருக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழியில் வந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஸ்மித் என்ற பெயருக்காரர்களிடமோ, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் இருக்கும் ஒற்றுமைக்கு மேல் எதுவும் இல்லை. ஊருக்கு ஒரு கொல்லன். ரீட்டும் ஊருக்கு ஒருவன் என்ற வகைப் பெயர் என்பதால், ஸ்மித்தின் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டியதே தவிர அட்டன்பரோவின் பக்கம் அல்ல.

மலைக்கோட்டை ஆசிரியர் எழுதியது:

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் தவறை ஒப்புக்கொண்டு திருத்திவிட்டேன். கரும்பலகையில் ரீட் என்பதை நான்கு விதமாக எழுதி, நான்கையும் ஒரே மாதிரி வாசித்துக் காட்டியதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. நான்கு மாதையன்களைச் சொன்னபோது கடைசி வரிசையில் இருந்த இரண்டு மாதேஷ்கள் எழுந்து நின்று, தங்களை வகுப்பில் 'மண்டி மாதேஷ்' என்றும் 'குட்டை மாதேஷ்' என்றும்தான் அழைக்கிறார்கள் என்றார்கள். முதலாமவனின் தந்தை மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். இரண்டாமவனுக்கு அந்தப் பெயரில் அவ்வளவாக விருப்பமில்லை. அவன் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே தொடர்ந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டேன், முறைத்தான்.

கேள்வி கேட்ட மாணவி திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. "ரீட் சிவந்தவர், சரி. மன்றோ?" என்றாள். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

தளி ரோட்டு வாசகி எழுதியது:

பேராசிரியர் வருவதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். மன்றோ ஊர் வழிப் பெயர். கேலிக்கில் அந்தக் குலத்தாரை 'ரோவிலிருந்து வந்தவர்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அவர்களுடைய முன்னோர் அயர்லாந்தின் டெர்ரி பகுதியில் ஓடும் ரோ ஆற்றங்கரையிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்தவர்கள் என்பது குலத்தின் பரம்பரைக் கதை.

ஆனால் அந்தப் பெயர் அங்கேயே நின்றுவிடவில்லை. பாரமகாலை விட்டுச் சென்ற மன்றோ பிற்பாடு கடப்பை, அனந்தப்பூர் பக்கம் கலெக்டராக இருந்தார். பிறகு சென்னை கவர்னராகி, 1827 ஜூலை 6 அன்று கர்நூல் பக்கத்துப் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு அவர் நினைவாக மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். என் பாட்டியின் பிறந்த வீடு அந்தப் பக்கம். அவருடைய சித்தப்பா ஒருவருக்கு அந்தப் பெயர். தலையெழுத்தாக அதன் முன்னால் அவருடைய இண்டிபேரு இருந்தது.